தலைக்கு நேரே திருவாதிரை

இலங்கை மலையகத்து ஹட்டனுக்குப் போகிறவர்கள் தேயிலையைப் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் சிவனொளிபாத மலை ஏறப் போவார்கள். நான் திருவாதிரையைப் பார்க்கப் போனேன். சென்னையில் தெரியாத நட்சத்திரமா அது என்று வீட்டில் கேட்டார்கள். தெரியும்தான். ஆனால் சென்னையில் அது உச்சிக்கு வருவதில்லை. ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே ஒதுங்கியே கடந்துபோகும். வானநூல் பட்டியல்களில் திருவாதிரையின் இடம் வான நடுக்கோட்டுக்கு வடக்கே 7.4 பாகை. ஹட்டன் பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே 6.9 பாகை. இடையில் இருப்பது அரைப் பாகை. வானத்தில் முழுநிலவின் அகலமே அவ்வளவுதான். ஆகவே ஹட்டன் மலையில் நிற்பவருக்கு அந்த நட்சத்திரம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். கணக்கு அப்படிச் சொல்கிறது. கணக்கைக் கண்ணால் பார்க்கும் ஆசைதான் பயணத்துக்குக் காரணம்.

கன்னியாகுமரியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான் என்று ஒரு நண்பர் மறித்தார். உண்மை. ஆனால் குமரியில் கடலோர விளக்குகளும் கடற்காற்றின் ஈரமும் இருக்கின்றன. மலையகத்தில் நாலாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்து கிடக்கிறது. தையிலும் மாசியிலும் மழை ஓய்ந்து, சில இரவுகளில் நுவரெலியாப் பக்கம் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழும். தேயிலைக்கு ஆகாத அந்த இரவுகள் நட்சத்திரம் பார்ப்பவருக்கு நல்ல இரவுகள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் கோச்சியில் ஏறினேன். ரயிலை மலையக மக்கள் கோச்சி என்றுதான் சொல்கிறார்கள். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. அதன்பின் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. இந்தப் பச்சையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். ஹட்டனில் இறங்கி, டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை பஸ்ஸில் போய், வழியிலேயே ஒரு தோட்டத்தில் இறங்கிக்கொண்டேன். அந்தத் தோட்டப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் இளைஞர் ஒருவர் வீட்டில் தங்க ஏற்பாடு. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில்தான்.

முதல் இரவுகள் மூட்டத்துக்குப் போயின. மாலை ஐந்து மணிக்கே மேகம் வாசலுக்கு வந்து நின்றுவிடும். "இங்க வானத்த நம்பி ஒண்ணும் செய்ய ஏலாது, ஐயா. தேத்தண்ணி குடிங்க" என்று ஆசிரியர் சிரித்தார்.

பகல்கள் மிச்சம் இருந்தன. ஒரு பகலில் பொகவந்தலாவைக்குப் போனேன். அங்கே ஒரு கல்லறையைப் பார்க்க வேண்டியிருந்தது.

புனித மரியாள் ஆலயம் சின்னக் கட்டடம். அதன் வளவில் சார்லஸ் ஹே கேமரூனும் அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கேமரூனும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கணவர், இலங்கையின் ஆட்சிமுறையையே மாற்றிய கோல்புரூக்–கேமரூன் அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர்; இந்த மலைகளில் காப்பித் தோட்டங்கள் வாங்கியவர். மனைவி உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, நாற்பத்தெட்டாம் வயதில் மகள் பரிசளித்த கேமராவோடு தொழிலைத் தொடங்கியவர். அவரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் புகைப்படக்காரர்கள். நான் போனது அவர் எடுத்த ஒரு முகத்துக்காக: வானியலாளர் சர் ஜான் ஹெர்ஷலின் முகம். 1867இல் எடுத்த படம். கறுப்புப் பின்னணியில் கிழவரின் வெள்ளை முடி நாலாபக்கமும் சிலும்பி நிற்கும், கண்கள் ஈரமாக எங்கோ பார்க்கும். தலையைக் கழுவிவிட்டு வரச் சொல்லித்தான் அம்மையார் அந்த முடியை அப்படி நிறுத்தினார் என்பார்கள். அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடம் கழித்து இலைத்துரு நோய் வந்து இலங்கையின் காப்பியை அழிக்கத் தொடங்கியது. கேமரூன் குடும்பத்தின் செல்வமும் காப்பியோடு கரைந்தது. 1875இல் அவர்கள் இங்கிலாந்தை விட்டு இங்கேயே குடிவந்தார்கள்.

ஹெர்ஷலும் அம்மையாரும் முதலில் சந்தித்தது 1836இல், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில். உடல் தேற அம்மையார் அங்கே போயிருந்தார். ஹெர்ஷல் தென்வானத்தைப் பட்டியலிடப் போயிருந்தார். மறு வருடம், 1837 டிசம்பரில், கரீனா மண்டலத்தில் தனக்குப் பழக்கமான ஒரு நட்சத்திரம் திடீரென்று பலமடங்கு பிரகாசமாகிவிட்டதைக் கண்டு ஹெர்ஷல் திகைத்தார். ஈட்டா கரீனே என்று பெயர். 1843இல் அது இன்னும் கூடி, இரவு வானில் சிரியஸுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. பிறகு மங்கிப் பல பத்தாண்டுகள் கண்ணுக்கே தெரியாமல் போனது. பத்துச் சூரியன்களுக்கும் மேற்பட்ட பொருளை அந்தக் கொந்தளிப்பில் அது வெளியே வீசியது என்று இன்று கணக்கிடுகிறார்கள். இறக்கும் நட்சத்திரம் ஒன்றின் வலிப்பைத்தான் பார்க்கிறோம் என்பது ஹெர்ஷலுக்குத் தெரிய வழியில்லை. நட்சத்திரம் எதனால் எரிகிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

அம்மையார் 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இறந்தார். சாகும் நேரம் திறந்த சன்னல் வழியே வானத்தைப் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டுக் கண்மூடினார் என்று ஒரு கதை உண்டு. குடும்பக் கதைகளுக்குச் சாட்சி கேட்கக் கூடாது. ஆனால் ஜனவரி கடைசியில் இந்த ஊரில் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் உச்சியில் வந்து நிற்பது எது என்று எனக்குத் தெரியும்.

கல்லறை வளவில் ஈரப்புல். திரும்பி வந்து பார்த்தால் கணுக்காலில் ஓர் அட்டை. ஆசிரியரின் மனைவி உப்பைத் தூவி அதை உதிர்த்தார். அட்டை உறிஞ்சிய ரத்தத்தில் இருந்த இரும்பின் கதையை அன்று சாப்பாட்டு நேரத்தில் நான் தொடங்கினேன். பிரபஞ்சத்திலுள்ள இரும்பில் கணிசமான பகுதி, செத்துக் குளிர்ந்த நட்சத்திரச் சாம்பல்கள் மறுபடி வெடித்ததில் வந்தது. அந்த வெடிப்புக்கான எல்லையைக் கணக்கிட்டவர் ஒரு தமிழர் என்றதும், வீட்டிலிருந்த பிள்ளைகள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அருகில் வந்தார்கள். மிச்சத்தை வானம் தெளிந்ததும் சொல்கிறேன் என்று கெட்டிக்காரத்தனமாக நிறுத்திக்கொண்டேன்.

தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் வானம் தெளிந்தது.

பெரட்டுக்களத்துக்குப் போனோம். விடிகாலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேர் போட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்பும் இடம் அது. ஒரு காலத்தில் தப்பு அடித்து எழுப்பி இங்கே கொண்டுவந்து நிறுத்துவார்களாம். இரவில் அது வெறும் சமதளம். சுற்றி உயர்ந்த மரம் இல்லை, விளக்கு இல்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளைத் தரையில் விரித்துப் படுத்தோம். ஆசிரியர், பிள்ளைகள், அவர் பாட்டி, நான். பாட்டிக்கு எண்பது இருக்கும். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கல்மேல் உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியர் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி வந்திருந்தார். மூங்கில் கழியைக் குறுக்காகக் கட்டி, அதில் நூலைத் தொங்கவிட்டார். குண்டு ஆட்டம் நின்றதும், ஒவ்வொருவராக அதன் கீழே படுத்து நூலின் வழியே மேலே பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல், நூல் போய் முடியும் இடத்தில், சிவப்பாக, கொஞ்சமும் அவசரமில்லாமல், திருவாதிரை வந்து நின்றது. நூலுக்கு வடக்கே மயிரிழை தள்ளி. அந்த மயிரிழைதான் அரைப் பாகை.

என் மனநிலையைச் சொல்ல வார்த்தை தேடி அலுத்துவிட்டேன். பூமியின் மையத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, என் முதுகு வழியே ஏறி, நெற்றியைத் தாண்டி, ஐந்நூறிலிருந்து எழுநூறு ஒளியாண்டு தூரத்துக்கு நேராகப் போய் ஒரு நட்சத்திரத்தில் முட்டுகிறது. படுத்திருந்தவன் உடம்பில் சிலிர்ப்பு வந்தது. குளிர் பாதி, இது பாதி.

"திருவாதிரையா இது?" என்றார் பாட்டி. "மார்கழியில விடியக்காலம் பஜனை பாடிக்கிட்டு லயம் லயமா சுத்துவோம். அப்ப இதத் தேடிப் பார்த்ததில்ல, தம்பி. பொங்கச் சோறுதான் கண்ணுக்குத் தெரியும்." மார்கழித் திருவாதிரை நாளில் முழுநிலவு ஏறக்குறைய இதே பகுதியில் நின்று இதன் ஒளியை அமுக்கிவிடும் என்றேன். அதனால் அவர் பார்க்காமல் விட்டதில் குற்றமில்லை. பாட்டிக்கு அந்தச் சமாதானம் பிடித்திருந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் நான் அந்த மலையில் கண்டுகொண்டது. ஒரு நட்சத்திரத்தின் பிறப்பிலிருந்து சாவு வரைக்கும், சாவுக்குப் பிறகும் என்ன என்பதெல்லாம் அந்த ஒரு துண்டு வானத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. புத்தகத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்ததைப் படங்கில் படுத்தபடி விரல் நீட்டிக் காட்டலாம்.

திருவாதிரைக்குத் தென்மேற்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குக் கீழே மங்கலான ஒரு புகை. பைனாகுலரில் அது இறகு விரித்த வெளிச்சமாகத் தெரிந்தது. ஓரியன் நெபுலா: வாயுவும் தூசும் தம் எடையாலேயே சுருங்கிச் சூடாகி நட்சத்திரங்களாகிக்கொண்டிருக்கும் இடம். சுமார் 1,350 ஒளியாண்டு தூரம். நாங்கள் அன்று பார்த்த வெளிச்சம் மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பிகள் பாறையைக் கொத்திக்கொண்டிருந்த காலத்தில் புறப்பட்டது. மேற்கே திரும்பினால் கார்த்திகைக் கூட்டம். வயது சுமார் பத்துக் கோடி ஆண்டு, நட்சத்திர வாழ்வில் இளமை. நம் சூரியனுக்கு 460 கோடி.

கார்த்திகைக்குப் பக்கத்தில் ரோகிணி. அது வயதானது. உள்ளே இருந்த ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்து, வெளிப்புறம் வீங்கிச் சிவந்துவிட்டது. நம் சூரியனுக்கும் இன்னும் சுமார் ஐந்நூறு கோடி ஆண்டில் இதுதான் கதி. ரோகிணியின் தூரம் 65 ஒளியாண்டுக்குச் சற்று மேல். "இப்ப நீங்க பாக்குற வெளிச்சம் 1960 வாக்கில கிளம்பினது, பாட்டி" என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கக்கா இங்கதான் இருந்துச்சு" என்றார்.

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியுரிமை இல்லாமல் இருந்த ஒன்பதே முக்கால் லட்சம் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகள் தலைகளை எண்ணிப் பங்கு போட்டன. கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பாட்டியின் அக்கா குடும்பம் அப்படிப் போனது, நீலகிரிப் பக்கம் என்று கேள்வி. அக்கா லயத்து ஸ்தோப்பில், அதாவது திண்ணையில், உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த காலத்து வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்கிறது என்பதைப் பாட்டி என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். ஒளியாண்டு என்றால் என்ன என்று நான் எத்தனையோ மேடைகளில் விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாருக்கும் விளங்கியதில்லை.

மறுபடி திருவாதிரைக்கு வருவோம். சூரியனைப் போல் பதினைந்திலிருந்து இருபது மடங்கு எடை. எடை கூடினால் ஆயுள் கூடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கனமான நட்சத்திரம் தன் எடையைத் தாங்க உள்ளே கடுமையாக எரிய வேண்டியிருக்கிறது. எரிபொருள் சீக்கிரம் தீர்கிறது. சூரியனின் ஆயுள் சுமார் ஆயிரம் கோடி ஆண்டு என்றால், திருவாதிரைக்கு ஒரு கோடி. பிறந்து அவ்வளவு காலம் ஏறக்குறைய ஆகியும்விட்டது. இன்று அதைத் தூக்கிச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால், பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிட்டு அதற்கு அப்பாலும் வீங்கி நிற்கும். 2019 கடைசியில் அது மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியபோது, இதோ வெடிக்கப்போகிறது என்று உலகமே ஆர்ப்பரித்தது. வெடிக்கவில்லை. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்திருந்தது. இன்னும் ஒரு லட்சம் ஆண்டுக்குள் எப்போதாவது வெடிக்கும் என்பது பொதுவான கணிப்பு. அன்று பகலிலும் தெரியும். இரவில் அரை நிலவைப் போல் காயும்.

எப்படி வெடிக்கும் என்று பையன் ஒருவன் கேட்டான். ஆசிரியர் முந்திக்கொண்டார். "நம்ம லயத்துக்குக் கீழ தாங்குசுவர் இருக்குல்ல? மலை எப்பவும் கீழ இறங்கத்தான் பாக்குது, சுவர்தான் புடிச்சு வச்சிருக்கு. சுவர் போச்சுன்னா?" பிள்ளைகள் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் அது விளையாட்டான உவமை கிடையாது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மனிதர்களோடு மண்ணுக்குள் போயின. ஆனால் உவமை சரியானது. அதைவிட நல்லதை நான் கேட்டதில்லை. நட்சத்திரம் என்பது தன்மேலேயே சரியத் துடிக்கும் ஒரு மலை. உள்ளே எரியும் அணு உலைதான் சுவர். ஹைட்ரஜன் தீர்ந்தால் ஹீலியம், அது தீர்ந்தால் கார்பன் என்று சுவரை மறுபடி மறுபடி கட்டுகிறது. ஒவ்வொரு சுவரும் முந்தியதைவிடக் குறைந்த நாளே நிற்கும். கனமான நட்சத்திரத்தில் கார்பன் சில நூறு ஆண்டு, ஆக்சிஜன் சில மாதம், சிலிக்கான் ஒரு நாள் அளவே எரியும். கடைசியில் இரும்பு. இரும்பை இணைத்தால் ஆற்றல் வெளிவராது. அங்கே சுவர் இல்லை. பூமி அளவுள்ள நடுப்பகுதி ஒரு வினாடிக்குள் சில பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்கு நொறுங்கி விழுகிறது.

எல்லா நட்சத்திரமும் அப்படி விழுவதில்லை. தென்கிழக்கே வானத்தின் மிகப் பிரகாசமான சிரியஸ் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு 1862இல் கண்டுபிடித்த ஒரு துணை உண்டு. சூரியனின் எடை, பூமியின் அளவு. எரிந்து முடிந்து குளிரும் வெண்குறுமீன். உலை அணைந்த பிறகு அதைத் தாங்குவது எது? ஒரே நிலையில் இரண்டு நெருங்கி நிற்க எலக்ட்ரான்கள் மறுக்கின்றன. அந்த மறுப்பு ஒரு சுவராகிறது. கேம்பிரிட்ஜின் ஃபவுலர் 1926இல் இதைச் சொன்னபோது, அப்பாடா, எல்லா நட்சத்திரத்துக்கும் நிம்மதியான முதுமை உண்டு என்று வானியலாளர்கள் நினைத்தார்கள்.

1930 ஜூலை 31இல் பம்பாயில் கப்பலேறிய பத்தொன்பது வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்த நிம்மதியைக் கெடுத்தார். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். சாப்பாட்டு நேரத்தில் நான் பெயர் சொல்லாமல் நிறுத்திய தமிழர் இவர்தான். கப்பலில் பொழுது போகாமல் ஃபவுலரின் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். நட்சத்திரம் கனக்கக் கனக்க எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறதே, அங்கே ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்க்க வேண்டாமா என்று சேர்த்தார். சுவர் இளகியது. ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் எலக்ட்ரான்களால் தாங்கவே முடியாது. பின்னர் துல்லியமான கணக்கில் அந்த எல்லை 1.4 சூரியன் என்று வந்தது. 1935 ஜனவரி 11இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் அவர் இதைச் சொல்லி உட்கார்ந்ததும், அக்காலத்தின் பெரிய மனிதர் எடிங்டன் எழுந்து கேலி செய்தார். இப்படியே போனால் நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி ஒளியையும் வெளியே விடாத நிலைக்குப் போய்விடும், இயற்கை அந்த அபத்தத்தை அனுமதிக்காது என்பது அவர் வாதம். என் பார்வையில் எடிங்டன் அன்று பாதி சரி: அந்தக் கணக்கின் முடிவு கருந்துளை என்பதை அந்த அறையில் எல்லோரையும்விடத் தெளிவாகப் பார்த்தவர் அவர்தான். பார்த்ததை ஏற்கத்தான் மனம் வரவில்லை. சந்திரசேகர் சண்டையை வளர்க்காமல் சிகாகோ போனார். 1983இல் நோபல் பரிசு வந்தது.

எலக்ட்ரான் சுவர் உடைந்தால் அடுத்துத் தாங்குவது நியூட்ரான்கள். சுமார் இருபது கிலோமீட்டர் அகலத்துக்குள் ஒரு சூரியனைவிட அதிக எடை. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் தூரம்கூட வராது. திருவாதிரை பெரும்பாலும் இப்படித்தான் முடியும் என்கிறார்கள். நியூட்ரான்களுக்கும் எல்லை இருக்கிறது, இரண்டிலிருந்து மூன்று சூரியன்களுக்குள். அதையும் தாண்டினால் பிடிக்க எதுவுமே இல்லை. 1939இல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் அந்த முடிவற்ற சரிவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒளியும் தப்ப முடியாத எல்லை, ஒரு சூரிய எடைக்கு மூன்று கிலோமீட்டர் ஆரம். அதுவே கருந்துளை.

அதுவும் அந்தத் துண்டு வானத்திலேயே இருக்கிறது. திருவாதிரையிலிருந்து சிரியஸ் பக்கமாக, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அகலம், கொஞ்சம் கிழக்கே தள்ளி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 1975 ஆகஸ்டில் அங்கிருந்து எக்ஸ் கதிர் பொங்கியது. சில நாட்களுக்கு வானத்திலேயே அதுதான் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலம். ஏரியல் 5 என்ற செயற்கைக்கோள் கண்டது. ஏ0620-00 என்று வாயில் நுழையாத பெயர். ஆரஞ்சு நிறத்துச் சின்ன நட்சத்திரம் ஒன்று, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை ஏழே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றுமில்லாத அந்த இடத்தின் எடை ஆறு சூரியனுக்கு மேல். அது கருந்துளையாகத்தான் இருக்க முடியும் என்று 1986இல் எடை போட்டுக் காட்டினார்கள்.

"அது நம்மள இழுத்துக்காதா?" என்றாள் ஆசிரியரின் மகள். இழுக்காது, கண்ணு. நம் சூரியனே இந்த நிமிடம் அதே எடையுள்ள கருந்துளையாக மாறினாலும் பூமி இப்போது சுற்றுவது போலவே சுற்றும். இருட்டும் குளிரும்தான் நம்மைக் கொல்லும். அவளுக்கு இந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை.

பிள்ளைகள் தூங்கப் போன பிறகும் நானும் ஆசிரியரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணிக்குத் தெற்கே, மலைமுகட்டுக்குச் சற்று மேலே, ஈட்டா கரீனே வந்தது. இப்போது மறுபடி வெறும் கண்ணுக்கு எட்டும் மங்கல் புள்ளி. 7,500 ஒளியாண்டு, சூரியனைப் போல் நூறு மடங்கு எடை என்று மதிப்பு. ஹெர்ஷல் திகைத்துப் பார்த்த அதே நட்சத்திரம், அவரை அழியாத முகமாக்கிய பெண் புதைந்திருக்கும் பள்ளத்தாக்குக்கு மேலே. அது வெடித்து முடிந்ததும் கருந்துளையாகவே மிஞ்சும் என்று பலர் கருதுகிறார்கள்.

அடுத்து ஓர் இரவு நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதம் ஏறினேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முழங்காலைப் பற்றி எழுதப்போவதில்லை. 2,243 மீட்டர் உச்சியில் விடியலுக்கு முன் கூட்டம் கிழக்கே பார்த்து நிற்கிறது. சைவருக்குச் சிவன் பாதம், பௌத்தருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாமின் பாதம். நாலே முக்காலுக்குப் படிவிளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். சூரியன் வரப்போகும் இடத்துக்கு வலப்பக்கம், தென்கிழக்கில், கேட்டைக்கும் மூலத்துக்கும் கீழே பால்வீதி தடித்துக் கிடந்தது. அதன் நடுவில், சுமார் 26,000 ஒளியாண்டில், நாற்பது லட்சம் சூரிய எடையில் நம் பால்வீதியின் மையக் கருந்துளை. 2022 மே 12இல் அதன் படத்தை வெளியிட்டார்கள். இடப்பக்கம் சற்று மேலே, அதே 2022இல் கண்டுபிடித்த கையா பிஎச்1. 1,560 ஒளியாண்டு. நாம் அறிந்த கருந்துளைகளில் நமக்கு மிக நெருக்கமானது. அது சில மணி நேரம் கழித்து, பகல் வெளிச்சத்தில், இந்த மலைகளின் உச்சியிலிருந்து எட்டுப் பாகைக்குள் கடந்துபோகும். சூரியன் வந்ததும் கூட்டம் முழுக்க மேற்கே திரும்பி, மலையின் முக்கோண நிழலைப் பார்க்க முண்டியது. நானும் முண்டினேன்.

மலையகத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர் போகிறார்கள்; நீலக் கோச்சியின் வாசலில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்கு ஹோட்டல் அறைக்குள் போய்விடுகிறார்கள். அந்த ஊரின் இரவுதான் அதன் பெரிய சொத்து என்பது என் கட்சி. தையில், மாசியில், அமாவாசையை ஒட்டிப் போங்கள். தோட்டத்துக்குள் நுழையும் முன் அனுமதி கேளுங்கள். லயத்து வாசலில் கேமராவை நீட்டாதீர்கள். சாதாரண 10×50 பைனாகுலர் போதும், நான் மேலே சொன்னவற்றில் கண்ணுக்குத் தெரியக்கூடிய அனைத்தும் அதில் தெரியும். திரும்பும்போது அதை அங்கேயே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் போன பள்ளியில் விஞ்ஞானப் பாடநூல் இருந்தது, நல்ல ஆசிரியர் இருந்தார், வானம் இருந்தது. பைனாகுலர் ஒன்றுகூட இல்லை.